அந்தச் சிவப்பு யாருடையது

மாலை மூன்று மணி நாற்பது. எழுமலைக்கு மேற்கே ஒரு ஊரில், ஒரு பெரியவரின் கையில் பட்டையைச் சுற்றி பிபி பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் காற்றை ஏற்றிக்கொண்டிருந்தது. மடியில் கிடந்த என் கைபேசி ஒரு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பிபி எழுதி வைக்கிற ஆப். எங்கள் வீட்டிலிருந்து ஒரு பதிவு வந்திருந்தது. சிவப்பு.

என் முகம் எப்படிப் போனதோ தெரியாது. பெரியவர் கையை நீட்டியபடியே கேட்டார். “என்ன தாயி, எனக்கு அம்புட்டு மோசமாவா இருக்கு?”

“உங்களுக்கு ஒண்ணுமில்லய்யா. பேசாம இருங்க. பேசுனா கூடக் காட்டும்.”

“அப்ப யாருக்கு?”

எனக்கும் அது தெரியவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க நான் அந்த ஒரு கேள்வியோடுதான் மல்லுக்கட்டினேன்.

போன மாதம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இருபது வருடத்துக்கு மேல் வீடு வீடாகப் போய் பிபியும் சர்க்கரையும் பார்த்த வேலை. என் இடங்களுக்கு இப்போது போகப்போகிற நீங்கள், “அக்கா, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க” என்று கேட்டீர்கள். மெஷினை எப்படிக் கட்டுவது, ஆப்பை எப்படித் திறப்பது என்றெல்லாம் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். கைபேசியில் உங்கள் விரல் ஓடுகிற வேகம் எனக்கு என்றைக்கும் வராது. அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் எழுதுகிறேன். இன்றைக்கும் கைபேசி மடியில் அதிர்ந்தால் செய்கிற வேலையை விட்டுவிட்டு எடுத்துப் பார்த்துவிடுகிறேன். எழுதும்போது முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதாமல் விடப்போவதில்லை.

எங்கள் வீடு செல்லூரில். என் கணவர் பின்சந்தில் நாலு பவர்லூம் போட்டு ஓட்டுகிறார். அவருக்குப் பல வருடமாக பிபி உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். மகள் மலர்விழி வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக எங்களிடம் வந்திருந்தாள். எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மருமகனுக்கு ஓசூரில் வேலை.

மலர் வந்ததும் வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கிப்போட்டேன். அவள் தன் கைபேசியில் இந்த ஆப்பை ஏற்றினாள். சாதாரண ஆப்தான். மேல் எண், கீழ் எண், நாடி என்று மூன்றையும் அடித்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு வட்டம் வரும். வீட்டார் கைபேசிக்கும் அது போகும். நான் வெளியூர் வேலையில் இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்.

பெயர் போடுகிற இடத்தில்தான் வினை. ஒவ்வொரு பெயருக்கும் அது இந்த ஆப்பை ஏற்றிய போனின் நம்பரைத் தனித்தனியாகக் கேட்டது.

“அப்பாகிட்ட பட்டன் போனுதான் இருக்கு. அதுல இதெல்லாம் வராது. ரெண்டு பேருக்கும் ஒரே பேரா போட்ருவோம்மா. காலைல அப்பா, சாயங்காலம் நானு. இதுல என்ன குழப்பம்?” என்றாள் மலர். பெயர் என்ற இடத்தில் ‘வீடு’ என்று அடித்தாள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. நீங்கள் போகிற ஊர்களிலும் பார்ப்பீர்கள். ஒரு வீட்டில் ஒரே ஒரு நல்ல போன் இருக்கும். அது மகனுடையதாக இருக்கும். அவன் பேரில் அம்மாவுடையதும், பொண்டாட்டியுடையதும், சில சமயம் பக்கத்து வீட்டு அத்தையுடையதும் போகும். “யாரோடதுன்னு எங்களுக்குத் தெரியும்க்கா” என்பார்கள். தெரியும்தான். எல்லாம் பச்சையாக இருக்கிற வரைக்கும் தெரியும்.

இந்த இடத்தில் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மூத்தவராக ஒரு அக்கா இருந்தார். சரியான முசுடு. பாதரச மெஷின் காலத்திலேயே முதலில் நாடியைப் பிடித்து எண்ணிவிட்டுத்தான் பட்டையைச் சுற்றுவார். டிஜிட்டல் வந்தபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. திரையில் மூன்று எண் வந்தால் அடியிலிருந்து மேலே படிப்பார். முதலில் நாடி, பிறகு கீழ் எண், கடைசியில்தான் மேல் எண். ஏன்க்கா என்று ஒருநாள் கேட்டேன். “மேல இருக்கறத ஊரே பாக்குது. ஊரு பாக்குறதப் பாக்கவா எனக்குச் சம்பளம்?” என்றார். அவ்வளவுதான் விளக்கம். எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. வீட்டில் என் கணவர் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்வார். “உங்கம்மாகிட்ட பேப்பரக் குடுத்தா கடைசிப் பக்கத்துல இருந்து படிப்பா” என்று மலரிடம் சொல்வார்.

அன்றைக்கும் அடியிலிருந்துதான் படித்தேன். நாடி தொண்ணூற்றாறு. கீழ் எண் நூற்றுப் பன்னிரண்டு. மேல் எண் நூற்று அறுபத்தெட்டு.

நூற்று அறுபத்தெட்டை மட்டும் பார்த்திருந்தால் என் கணவருடையது என்று விட்டிருப்பேன். மாத்திரையை மறந்தால் அவருக்கு அந்தப் பக்கம் போகும். ஆனால் அவர் சாப்பிடுகிற மாத்திரை நாடியையும் சேர்த்து இறக்குகிற மாத்திரை. அறுபது, அறுபத்திரண்டு என்றுதான் நிற்கும். தொண்ணூற்றாறு அவருக்கு வந்து நான் பார்த்ததே இல்லை.

மலருக்குப் போன் போட்டேன். அடித்து ஓய்ந்தது. கணவருக்குப் போட்டேன். தறிச் சத்தத்துக்கு நடுவே கத்தினார்.

“என்ன?”

“மலரு எங்க?”

“வீட்டுல. எதுக்கு?”

“ஆப்புல செவப்பு வந்திருக்குங்க. யாரு பாத்தது?”

“நாந்தான். சாப்புட்டு எந்திரிச்சுப் பாத்தேன். கூடத்தான் காட்டுச்சு. அவ இப்பப் போட்டிருப்பா.”

“எம்புட்டு காட்டுச்சு?”

“நூத்தம்பதோ அறுபதோ. கண்ணாடி போடல. வழக்கமா இருக்கறதுதான்.”

“நாடி?”

“அத எவன் பாத்தான்? நீ ஆரம்பிச்சிட்டியா?”

‘ஆரம்பிச்சிட்டியா’ என்றால் எங்கள் வீட்டில் ஒரு அர்த்தம் உண்டு. மலர் பத்தாவது படிக்கும்போது ரெண்டு நாள் இருமினாள் என்று நெஞ்சுப் படம் எடுக்கக் கூட்டிப்போனவள் நான். கல்லூரிச் சுற்றுலாவுக்குப் போனபோது மணிக்கொரு தரம் போன் பண்ணி அவளைத் தோழிகள் முன்னால் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தவள். அப்பாவும் மகளும் என்னைப் பற்றிச் சொல்வார்கள், “அம்மாவுக்கு எல்லாமே செவப்புதான்.”

மறுபடி மலரைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை எடுத்தாள்.

“தூங்கிட்டேன்மா.”

“ஆப்புல போட்டது யாரோடது?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்பாவோடதும்மா.”

இரண்டு பேரும் ஒன்றையே சொல்லிவிட்டார்கள். ஒரு தாய்க்கு அதைவிட நல்ல சேதி என்ன வேண்டும்? நம்பிவிடத்தான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இதே பதில் வெளி வீட்டில் கிடைத்திருந்தால் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சின்ன இடைவெளி எனக்குப் பிடிக்கவில்லை.

“மலரு, கையப் போன்கிட்ட கொண்டாந்து ஆட்டு.”

“எதுக்கும்மா?”

“ஆட்டுடி.”

வளைகாப்பன்று போட்ட கண்ணாடி வளையல்கள் இரண்டு கையிலும் முழங்கைப் பக்கம் வரைக்கும் இருந்தன. பிரசவம் வரை கழற்றமாட்டோம். அவள் தலை வாரினால் அடுப்படியில் கேட்கும். தண்ணீர் மோந்து குடித்தால் வாசலில் கேட்கும். நான் கேட்க நினைத்தது அந்தச் சத்தத்தை. போனில் வந்ததோ, கண்ணாடியோடு கண்ணாடி நெரிகிற மாதிரி ஒரு சின்ன முனகல்.

“வளையலு ஏறி எறங்குதா?”

“இல்லம்மா. ரெண்டு நாளா இறுக்கிப் பிடிச்சிருக்கு.”

“தல வலிக்குதா?”

“கொஞ்சம்.”

“கண்ணு?”

“மினுக்கு மினுக்குன்னு என்னமோ ஓடுது. போனையே பாத்துக்கிட்டு இருந்தேன்ல, அதான்.”

கை வீக்கம், தலைவலி, கண்ணில் மினுக்கு, இந்த மூன்றும் பிபியோடு சேர்ந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த எண் யாருடையது என்று நான் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பாவுடையது என்று இன்னொரு தரம் சொல்லியிருப்பாள். எனக்கும் நம்ப ஆசையாக இருந்திருக்கும். ஆள் தெரியாத எண் ஒன்று கையில் வந்துவிட்டால், அந்த வீட்டில் யாருக்கு அது வந்திருந்தால் அதிகம் கெடுதலோ அவர் பேரில் எழுதிக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். தப்பாகப் போனால் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கணவரை மறுபடி கூப்பிட்டேன். “தறிய நிறுத்திட்டு வீட்டுக்குப் போங்க. மலர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக் கிளம்புங்க.”

“அது என்னோடதுன்னு சொல்றேன்ல?”

“உங்களோடதா இருந்தா ஆயுசு பூரா சொல்லிச் சிரிங்க. இப்பக் கிளம்புங்க.”

“நீ வந்து ஒரு தடவ பாத்துரு. அப்பறம் போவோம். நீதான அதுல கெட்டிக்காரி.”

இந்த வார்த்தைக்குத்தான் நான் கொஞ்சம் பயந்தேன். நான் வந்து பார்த்தால் சரியாகிவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எனக்குள்ளும் அந்த ஆசை இருந்தது. என் கையால் பட்டையைச் சுற்றி என் கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதி. ஆனால் எழுமலையிலிருந்து செல்லூர் வர இரண்டு மணி நேரமாகும்.

“நான் வீட்டுக்கு வரல. நேரா ஆஸ்பத்திரிக்கு வாரேன். நான் வரும்போது அவ அங்க இருக்கணும்.”

அவர் போனை வைக்கவில்லை. தறிகள் ஒவ்வொன்றாக நிற்பது கேட்டது. நாலாவது நின்றதும், “போறேன்” என்றார்.

எங்கள் சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராது. எதிர்வீட்டு ஜமால் பாய் ஆட்டோ ஓட்டுகிறவர். சாயங்கால அஸர் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரைப் போனில் பிடித்தேன்.

“பாய், மலர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். குலுங்கவும் கூடாது, மெதுவாவும் போகக் கூடாது.”

“ரெண்டையும் சேத்துக் கேக்குறீங்களேக்கா,” என்றார். அதற்குள் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. “பாப்பாவ வரச் சொல்லுங்க. தொழுகைய அங்க வந்து தொழுதுக்கிறேன்.”

பெரியவர் இன்னும் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். நூற்று முப்பத்திரண்டு, எண்பத்து நாலு. அதை அவர் பேரில் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். பெரிய கடமை உணர்ச்சி என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் என் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. பெரியவரின் மருமகள் நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்து வந்து, “ஏறுங்கக்கா, பஸ்ஸப் பிடிச்சிரலாம்” என்றாள். பிடித்துவிட்டோம்.

உசிலம்பட்டி தாண்டியதும் மலரின் போனிலிருந்து கணவர் பேசினார். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். ஆனால் குரல் சரியில்லை.

“இங்க இருக்க நர்சு போன வாங்கிப் பாத்துச்சு. ஒரு மாசமாவே இப்படித்தான் ஏறி எறங்கி இருக்கு, இது பழைய பிபி, வரிசையில உக்காருங்க கூப்புடுறோம்னு சொல்லுது. முன்னாடி முப்பது பேரு இருப்பாங்க போல.”

அப்போதுதான் ‘வீடு’ என்று பேர் போட்டதன் முழு விலையும் எனக்கு உறைத்தது. அந்தப் பட்டியலை முதல்முறை பார்க்கிறவருக்கு அது ஒரே ஆளின் பட்டியல். காலையில் ஏறும், சாயங்காலம் இறங்கும், மறுநாள் ஏறும். அதில் இன்றைக்கு வந்தது இன்னொரு ஏற்றம். அவ்வளவுதான். நர்ஸ் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். முந்தாநாள் சாயங்காலம் வந்த மஞ்சளை நானே அவள் அப்பாவுடையது என்று தாண்டிப் போயிருந்தேன்.

“போன அவங்ககிட்டக் குடுங்க.”

“அவங்க வேலையா இருக்காங்க.”

“குடுங்க. அம்மாவும் இதே வேலதான் பாக்குறான்னு சொல்லிக் குடுங்க.”

நர்ஸ் வாங்கினார். சலிப்பான குரல். “சொல்லுங்க.”

“தங்கச்சி, அந்த லிஸ்டுல ரெண்டு ஆளு இருக்காங்க.”

“ஒரு பேருதான இருக்கு?”

“ஒரு பேருல ரெண்டு ஆளு. நாடியப் பாருங்க. அறுபதுகிட்ட இருக்கறது பூரா அவங்க அப்பா. மாத்திரை சாப்புடுறவரு. அத விட்ருங்க. எம்பதுக்கு மேல இருக்கறத மட்டும் படிச்சிட்டு வாங்க. அது என் மக.”

பஸ்ஸில் கண்டக்டர் விசில் அடித்தார். யாரோ இறங்கினார்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். நர்ஸ் வாய்க்குள் படிப்பது கேட்டது. “நூத்திப்பத்து... நூத்திப்பதினாறு... நூத்தி இருபத்தெட்டு... நூத்தி நாப்பத்தி ரெண்டு...” அடுத்ததைப் படிக்கவில்லை.

“எந்தப் பொண்ணும்மா? அந்தப் பச்ச சேலையா?” என்று கேட்டார். நான் எப்படிச் சொல்வேன், காலையில் அவள் என்ன கட்டினாள் என்று நான் பார்க்கவில்லை. “வளையல் போட்டிருப்பா” என்றேன். அதற்குள் அவர் போனை மேஜை மேல் வைத்துவிட்டார். ஸ்ட்ரெச்சர் கேட்டு அவர் கூப்பிட்டதும், யாரோ ஓடியதும், என் கணவர் “மலரு, மலரு” என்றதும் கேட்டன. பிறகு தொடர்பு போய்விட்டது. ஆரப்பாளையம் வந்து இறங்குகிற வரைக்கும் அது திரும்பக் கிடைக்கவில்லை.

அந்தப் பயணத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளை உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். ஊசி ஏற்ற வேண்டிய கையில் வளையல்கள் அசையவே இல்லை. சோப்புத் தண்ணீர் போட்டு வந்தவற்றை எடுத்திருந்தார்கள். வராதவற்றைத் துணி சுற்றி உடைத்துக்கொண்டிருந்தார்கள். மலர் என்னைப் பார்த்ததும் கேட்டாள். “வளையல ஒடைக்கிறாங்கம்மா. எங்க அத்த கேட்டா என்ன சொல்ல?”

“அத நான் பேசிக்கிறேன்.”

“அது என்னோடதும்மா. நீ பதறுவியேன்னுதான். நாளானிக்கு அவரு வந்ததும் சேந்து வந்து காட்டலாம்னு...”

“தெரியும். பேசாத.”

அதற்குச் சிறிது நேரம் கழித்து அவளுக்கு வலிப்பு வந்தது. என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மருந்து ஏறிக்கொண்டிருந்தது, டாக்டர் பக்கத்தில் நின்றார், நாக்கு கடிபடாமல், கட்டிலிலிருந்து விழாமல் பார்த்துக்கொள்ள நாலு கை இருந்தது. வீட்டில் எனக்காகக் காத்திருந்தால் அந்த நேரம் நான் செல்லூர்ப் பாலத்தில் நின்றிருப்பேன். வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவள் அந்த பெஞ்சிலிருந்து விழுந்திருப்பாள். இந்த இரண்டையும் நான் தினமும் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்கிறேன். நினைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்கிறார்.

ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒரு முழம்கூட இருக்கமாட்டாள். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். விடிகிற நேரத்தில் மலருக்கு பிபி இறங்கத் தொடங்கியது. கண் திறந்து தண்ணீர் கேட்டாள். இரண்டு உயிரும் தங்கும் என்று டாக்டர் சொன்னபோது நான் நின்றுகொண்டிருந்தேன். சொல்லி முடித்தபோது உட்கார்ந்திருந்தேன். நடுவில் என்ன நடந்தது என்று நினைவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் மகள் ஏன் மறைத்தாள் என்று நான் நிறைய யோசித்தேன். எண்ணைப் பார்த்துப் பயந்து மறைக்கவில்லை. என் முகத்தை நினைத்து மறைத்திருக்கிறாள். எழுமலைப் பெரியவரும் மெஷினைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். நீங்கள் சிவப்பைப் பார்த்ததும் முகம் மாறினால், அடுத்த தடவை அந்த வீட்டில் உங்களுக்குச் சிவப்பே காட்டமாட்டார்கள். எனக்கு அது இந்த வயதில்தான் புரிந்தது. பதற்றம் எனக்குப் போய்விட்டது என்று சொன்னால் பொய். வேலைப் பையைக் கீழே வைத்துவிட்டு ஓய்வு வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பேத்திக்கு எடை பார்க்கிற நாட்களில் இப்போது முகத்தை நேராக வைத்துக்கொண்டு நிற்கிறேன். பழகப் பழக வருகிறது.

இன்னொன்று, எத்தனை பேர் வரிசையில் நின்றாலும், எத்தனை நம்பர் கேட்டாலும், ஒரு கைக்கு ஒரு பேர் போடாமல் அடுத்த கையில் பட்டையைச் சுற்றாதீர்கள். நம்பர் இல்லாதவருக்கு உங்கள் நம்பரையாவது கொடுத்துப் போடுங்கள். மாசக் கடைசியில் பதிவு எண்ணிக்கை குறைந்தால் மேலதிகாரிகள் திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

காலையில் மருமகன் ஓசூரிலிருந்து வந்து கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நின்றுவிட்டார். கடைசியாக வந்தது என் கணவர்தான். துணிமணி எடுத்துவர ஜமால் பாயோடு வீட்டுக்குப் போயிருந்தார். துணிப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கையில் தனியாக வைத்திருந்த மெஷினை பெஞ்சில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் கையை மேலே சுருட்டி நீட்டினார்.

“பாய் அவரு நம்பரப் போட்டு எனக்குத் தனியா ஒரு பேரு போட்டுக் குடுத்துட்டாரு,” என்றார். “பாரு. மொதல்ல நாடியச் சொல்லு.”